புளிக்காத சோறு

அக்கரைப்பற்றில் தொடங்கி மட்டக்களப்பு வரை
என் தொண்டைதான் பஸ்ஸின் பெயர்ப்பலகை.
நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது,
கல்முனை என்றால் இரண்டு தரம்,
கல்லாறு, களுவாஞ்சிக்குடி.
போன மாரியில் ஒரு நாள்
குருக்கள்மடம் பாதியில் கரகரத்து நின்றது.
'மடம்' மட்டும் பின்சீற்றுக்குப் போகவில்லை.

காஸ்ற்றைற்றிஸ், என்றான் சாரதி பாக்கியராசா.
பாமசிக்காரனும் அதையே சொன்னான்.
டிக்கெட் கிழிக்கும்போது யாரைக் கேட்டாலும்
அவரவர் வீட்டில் ஒரு காஸ்ற்றைற்றிஸ் இருந்தது,
மாமனாருக்கோ மச்சாளுக்கோ.
வெறும் வயிற்றில் ஒரு குளிசை, ஐந்து மாதம்.
உறைப்பை விட்டேன். பிளேன்டீயை விட்டேன்.
இடுப்புவாரில் ஆணியால்
புதிதாக இரண்டு துளை போட்டேன்.

பெரியாஸ்பத்திரி வாங்கில் நாற்பத்தொன்று நான்.
நாற்பத்திரண்டு பஸ்மிலா டீச்சர், காத்தான்குடி.
இருவர் துண்டிலும் ஒரே கையெழுத்து:
தொண்டையில் அடைப்பு.
அவ செருமினா. கொஞ்சம் பொறுத்து நானும் செருமினேன்.
அப்படித்தான் கதை தொடங்கியது.

"இஞ்ச ஒரு உருண்டை," என்றா, குரல்வளையைத் தொட்டு.
"சாப்பிடக்குள்ள மட்டும் காணாமப் போயிரும்.
கோப்பை கழுவக்குள்ள திரும்ப வந்து இரிக்கும்.
காலையில குரலே இல்ல.
முதலாம் பாடம் முழுக்க
கரும்பலகையில எழுதியே முடிக்கிறன்."

நெஞ்சு எரியுமா என்றேன்.
"ஒரு நாளும் இல்ல."

எனக்கு முதல் கவளத்தோடுதான் தொடங்கும்.
நெஞ்சு நடுவில் வந்து நிற்கும்,
இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை.
"தண்ணி குடிச்சா?"
தண்ணியும் நிற்கும்.
டீச்சர் என்னைப் புதிதாகப் பார்த்தா,
விடைத்தாளில் எதிர்பாராத கணக்கைப் பார்ப்பதுபோல.

உள்ளே இருந்த டொக்டர் சின்னப் பொடியன்.
எரியுதா என்று கேட்கவில்லை.
"திரும்பி வாற சோறு புளிக்குமா?"

ஐந்து மாதத்தில் யாரும் கேட்காத கேள்வி.
ஆனால் பதிலை ஒருத்தி முன்பே சொல்லியிருந்தாள்.
தலையணை உறை மாற்றிய ஒரு விடியலில்
யோகமலர் அதை முகர்ந்து பார்த்தாள்.
"ராத்திரிச் சோறு சோறாவே கிடக்கு.
ஒரு புளிப்பு மணமும் இல்ல."
வெட்கத்தில் அவள்மேல் பாய்ந்தேன்,
உனக்கென்ன நாயின் மூக்கா என்று.
அவள் உறையைக் கிணற்றடிக்குக் கொண்டுபோனாள்.

புளிக்காத சோறு வயிற்றைக் காணாத சோறு.

கமரா விட்டார்கள். புற்று இல்லை.
பிறகு நிற்கவைத்து, வெள்ளைக் கரைசலைக் குடிக்கவைத்து,
திரையில் காட்டினார்கள்.
அகலமாய் வந்தது. கீழே நின்றது.
நூலாய் ஒழுகியது.
குருவிச் சொண்டு மாதிரி, என்றார் டொக்டர்.
எனக்குத் தெரிந்தது பழைய கல்லடிப் பாலம்.
புதுப்பாலம் வருமுன், இந்தக் கரையில் எங்கள் பஸ்,
முன்னால் லொறி, அதற்கு முன்னால் இன்னொரு லொறி,
எஞ்சினை நிறுத்திவிட்டு
வாவியைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

வெளியே வந்து சொன்னேன்.
டீச்சருக்கு வேறு கதை: அமிலம் சத்தமில்லாமல் மேலே ஏறி
குரலில் கை வைக்கிறதாம்.
கட்டில் தலைமாட்டுக்கு இரண்டு செங்கல்,
மஃரிபுக்குப் பிறகு கொஞ்சமாய்ச் சாப்பாடு.
"உங்கட கதவு திறக்குதில்ல,
என்ட கதவு சாத்துதில்ல," என்று சிரித்தா.
சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க
நாற்பத்தைந்தைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மூக்கால் ஒரு வயர் விட்டு
குழாய் எப்படி அமுக்குகிறது என்று அளக்க வேண்டுமாம்.
திகதி இன்னும் வரவில்லை.
அதுவரை யோகமலர் கஞ்சி வடிக்கிறாள்.
அந்தத் தலையணையைப் பற்றி நான் இன்னும்
அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

சில காலைகளில் டீச்சர் காத்தான்குடியில் ஏறுவா.
குரலை மிச்சம் பிடிக்கிறா; காசை மட்டும் நீட்டுவா.
நானும் பேசாமல் மீதியைக் கொடுப்பேன்.

களுவாஞ்சிக்குடியில் பத்து நிமிடம் நிறுத்தம்.
பஸ்ஸின் பின்னால் நின்றபடியே கஞ்சி குடிக்கிறேன்.
நெஞ்சில் நின்றுவிட்டால்
உள்ளங்கையால் இரண்டு தட்டு,
தகரத்தில் தட்டுவதுபோல.
போவம், றைட், என்கிறேன்.
சில நேரம் போகிறது.